படைத்துறை வாகனங்களுக்கான மாதிரி ஆயுதங்கள்

படைத்துறை வாகனங்களுக்கான மாதிரி ஆயுதங்கள் என்பவை, பழைய தோற்றத்துக்கு மீட்டமைக்கப்பட்ட ஜீப், கவச வாகனம், டாங்கி முதலியவற்றில் காட்சிக்காகப் பொருத்தப்படும், சுடும் திறன் அற்ற ஆயுத உருவங்கள் ஆகும். மரம், ரெசின், அலுமினியம், எஃகு ஆகியவற்றால் புதிதாகச் செய்யப்பட்டவையும், உண்மையான துப்பாக்கியை மீண்டும் சுட இயலாதவாறு செயலிழக்கச் செய்து பெறப்பட்டவையும் பொதுவழக்கில் இப்பெயராலேயே குறிக்கப்படுகின்றன. எனினும் சட்டத்தின் பார்வையில் இவ்விரண்டும் வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டை அறியாமல் வாங்குவோரே பெரும்பாலும் சிக்கலுக்கு உள்ளாகின்றனர்.

எந்த மாதிரியைத் தேர்வது என்பது மூன்று செய்திகளைப் பொறுத்தது. வாகனம் எந்தக் காலத்தை, எந்தப் படைப்பிரிவைக் காட்டுகிறது என்பது முதலாவது. அது காட்டப்படும் நாட்டின் சட்டம் இரண்டாவது. மாதிரியின் எடையையும் உறுதியையும் வாகனத்தின் பொருத்தம் தாங்குமா என்பது மூன்றாவது. இக்கட்டுரை இரண்டாம் உலகப் போர்க்கால வாகனங்களையும் பிரித்தானியாவின் நடைமுறையையும் முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. தனியார் படைத்துறை வாகன மீட்டமைப்பு அங்கு நீண்டகாலமாக வேரூன்றியுள்ளதும், மாதிரி ஆயுதங்கள் குறித்து அங்கு விரிவான சட்டம் உள்ளதும் இதற்குக் காரணங்களாகும்.

பின்னணி

இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளை உற்பத்தி செய்தன. பிரித்தானியாவின் யூனிவர்சல் கேரியர் எனப்படும் சிறு சங்கிலித்தட வாகனம் 1 இலட்சத்துக்கும் மேல் உருவாக்கப்பட்டது. போர் முடிந்தபின் இவற்றுள் பெருந்தொகையானவை மிகைப்பொருளாகப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. உழவர்களும் மரம் வெட்டுவோரும் பழுது நீக்கும் பணிமனைகளும் அவற்றை வாங்கினர். வாகனம் விற்கப்பட்டது, ஆனால் துப்பாக்கி விற்கப்படவில்லை. அது படைக்கிடங்குக்குத் திரும்பியது, அல்லது உருக்கப்பட்டது.

1960களின் பிற்பகுதியில் இவ்வாகனங்களைப் போர்க்காலத் தோற்றத்துக்கு மீட்கும் ஆர்வம் வளர்ந்தது. பிரித்தானியாவின் படைத்துறை வாகன அறக்கட்டளைக்கு முன்னோடியான குழு 1968ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இயந்திரம், சக்கரம், சாயம் ஆகிய அனைத்தும் சீராக்கப்பட்ட பின்னரும், துப்பாக்கி நின்ற இடத்தில் வெற்றுத் தண்டு மட்டும் நிற்பது பலருக்கும் குறையாகப் பட்டது. அந்த இடத்தை நிரப்பவே மாதிரிகள் தோன்றின. தொடக்ககால மாதிரிகள் பல, நீர்க்குழாயையும் மரக்கட்டையையும் இணைத்துக் கறுப்புச் சாயம் பூசியவையாகவே இருந்தன. தொலைவிலிருந்து பார்ப்போருக்கு அவை போதுமானவையாக இருந்தன என்பதையும் மறுக்க இயலாது.

ஆயுதம் தேவையா?

எந்த மாதிரி என்று கேட்பதற்கு முன் எழவேண்டிய கேள்வி இது. திரைப்படங்களின் தாக்கத்தால், ஜீப் என்றாலே நடுவில் இயந்திரத் துப்பாக்கி நிற்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் போர்க்கால ஜீப்புகளில் பெரும்பாலானவை செய்தி கொண்டு செல்லவும், அதிகாரிகளை ஏற்றிச் செல்லவும், சிறு இழுவைவண்டிகளை இழுக்கவும் பயன்பட்டன. அவற்றில் நிலையான ஆயுதம் எதுவும் இருக்கவில்லை. ஓட்டுநரின் ரைபிளோ கார்பைனோ ஓர் உறையில் செருகப்பட்டிருக்கும், அவ்வளவே. தலைமையகத்து ஜீப்பின் குறியீடுகளை எழுதிவிட்டு அதன்மேல் .50 அங்குல இயந்திரத் துப்பாக்கியை நிறுத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாத காட்சியாகும்.

மருத்துவ ஊர்திகளின் நிலை இன்னும் தெளிவானது. டாட்ஜ் டபிள்யூசி-54, ஆஸ்டின் கே2 போன்ற நோயாளர் ஊர்திகளிலும், காயமடைந்தோரைத் தூக்குப்படுக்கையில் ஏற்றிச் சென்ற ஜீப்புகளிலும் இயந்திரத் துப்பாக்கி வைக்கப்படுவதில்லை. மருத்துவப் பணியாளர்கள் தம்மையும் தம் பொறுப்பில் உள்ள நோயாளிகளையும் காத்துக்கொள்ள ஆயுதம் வைத்திருப்பதை 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம் தடுக்கவில்லை. ஆனால் தாக்குதலுக்குரிய ஆயுதத்தை ஏற்றிய ஊர்தி தனது பாதுகாப்பை இழக்கும். அதனால் செஞ்சிலுவைக் குறியும் இயந்திரத் துப்பாக்கியும் ஒரே வாகனத்தில் இருப்பது, ஒப்பந்த மீறலை அறியாமல் காட்சிப்படுத்துவதாகிவிடுகிறது. மேலும் செஞ்சிலுவைக் குறியே சட்டப் பாதுகாப்புப் பெற்றது. பிரித்தானியாவில் 1957ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி அரசின் ஒப்புதல் இன்றி அக்குறியைப் பயன்படுத்துவது குற்றமாகும். பழைய வாகனத்தில் வரைவதற்கும் இது பொருந்தும்.

வாகனமும் அதற்குரிய ஆயுதமும்

ஒரே வகை வாகனம் ஆண்டுக்கு ஆண்டும், படைக்குப் படையும் வெவ்வேறு ஆயுதங்களை ஏந்தியது. எனவே தேர்வு செய்பவர் முதலில் தமது வாகனம் காட்டவேண்டிய இடத்தையும் ஆண்டையும் முடிவுசெய்து, அக்காலத்து நிழற்படங்களைத் தேடுவதே சரியான வரிசை. துப்பாக்கியை முதலில் வாங்கிவிட்டுப் பின்னர் அதற்கேற்ற கதையைத் தேடுவது தலைகீழான முறை. ஆயினும் நடைமுறையில் இதுவே மிகுதியாகக் காணப்படுகிறது.

அமெரிக்க ஜீப்பில் ஆயுதம் வைக்கப்பட்டபோது, இருவகைப் பொருத்தங்கள் பெரிதும் பயன்பட்டன. எம்31 எனப்படும் தூண் வாகனத் தரையில் பொருத்தப்பட்டது. எம்48 எனப்படும் தாங்கி, ஓட்டுநருக்கு அருகில் அமர்பவரின் முன்புறத்தில் பொருத்தப்பட்டது. எம்48 தாங்கியில் பொருந்துவது .30 அங்குல பிரௌனிங் எம்1919ஏ4 ஆகும். அதன் எடை ஏறத்தாழ 14 கிலோகிராம். .50 அங்குல பிரௌனிங் எம்2 கனக்குழல் வகை, தாங்கியைச் சேர்க்காமலேயே 38 கிலோகிராம் எடையும் ஏறத்தாழ 1.65 மீட்டர் நீளமும் கொண்டது. ஜீப்பின் மெல்லிய தரைத்தகடு இவ்வெடையை முட்டுக்கம்பிகள் இன்றித் தாங்காது.

எம்3 வகை அரைத்தட வாகனம், முன்புறம் சக்கரமும் பின்புறம் சங்கிலித்தடமும் கொண்டது. இதன் முதல் வடிவத்தில் உட்பகுதியின் நடுவே ஒரு தூணும், அதன்மேல் .30 அங்குலத் துப்பாக்கியும் இருந்தன. பின்னர் வந்த எம்3ஏ1 வடிவத்தில், ஓட்டுநரின் அருகிருக்கைக்கு மேல் எம்49 எனப்படும் வளையத் தாங்கி சேர்க்கப்பட்டு, அதில் .50 அங்குலத் துப்பாக்கி வைக்கப்பட்டது. வளையம் இல்லாத வாகனத்தில் வளையத்துக்குரிய துப்பாக்கியை வேறு ஏதேனும் வழியில் நிறுத்துவது, இரண்டு வடிவங்களையும் கலப்பதாகும். .50 அங்குல மாதிரியை வாங்கும்போது குழலின் முனையைப் பார்க்கவேண்டும். கூம்பு வடிவான, பிளவுகளுள்ள சுடரடக்கி முனையில் இருந்தால், அது 2010ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்கப் படைக்கு வந்த எம்2ஏ1 வகையைப் பின்பற்றியது. 1944ஆம் ஆண்டின் நார்மண்டியைக் காட்டும் வாகனத்தில் அதற்கு இடமில்லை.

ஷெர்மன் டாங்கியின் கோபுர உச்சியில் .50 அங்குலத் துப்பாக்கி இருப்பது அமெரிக்க வழக்கம். வடமேற்கு ஐரோப்பாவில் போரிட்ட பிரித்தானியப் படைகளின் ஷெர்மன்களில் பல அத்துப்பாக்கி இன்றியே இயங்கின. ஆகவே பிரித்தானியக் குறியீடு பூண்ட ஷெர்மனில் மேற்கோபுரத் துப்பாக்கி இல்லாதது பெரும்பாலும் குறையன்று.

பிரித்தானிய வாகனங்களில் மிகுதியாகக் காணப்படுவது .303 அங்குல பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கி. செக்கோசுலவாக்கியாவின் பெர்னோ நகர வடிவமைப்பிலிருந்து உருவாகி, இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையில் உற்பத்தியானதால், இரு ஊர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து இப்பெயர் இடப்பட்டது. யூனிவர்சல் கேரியரில் ஓட்டுநர் வலப்புறம் அமர, இடப்புறச் சுடுநரின் முன்தகட்டுத் திறப்பில் பிரென் அல்லது பாய்ஸ் டாங்கி எதிர்ப்பு ரைபிள் வைக்கப்பட்டது. பிரென் துப்பாக்கியின் காலத்தை அதன் மேகசினைக் கொண்டே அறியலாம். .303 தோட்டாவின் அடிவிளிம்பு புறம் நீண்டிருப்பதால், அவற்றை அடுக்கும் மேகசின் நன்கு வளைந்திருக்கும். 7.62 மிமீ தோட்டாவுக்கு மாற்றப்பட்ட, 1950களின் பிற்பகுதிக்குப் பிந்திய எல்4 வகையின் மேகசின் ஏறத்தாழ நேரானது. நேர் மேகசினுடன் டன்கர்க் காலத்து வாகனத்தைக் காட்டுவது அடிக்கடி நிகழும் பிழையாகும்.

வடஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்ட பிரித்தானியச் சிறப்பு வான்சேவைப் படையின் ஜீப்புகள், மீட்டமைப்போரிடையே பெரும் விருப்பத்துக்குரியவை. 1942 சூலை 26 இரவு எகிப்தின் சிதி அனீசு வானூர்தித் தளத்தை 18 ஜீப்புகள் தாக்கியதன் மூலம் இவை புகழ்பெற்றன. இவற்றில் இரட்டையாகப் பொருத்தப்பட்ட விக்கர்ஸ் கே துப்பாக்கி, வானூர்தியின் பின்னிருக்கைச் சுடுநருக்காக வடிவமைக்கப்பட்டது. மேற்புறம் தட்டையான வட்டத் தட்டில் தோட்டாக்கள் இருக்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 தோட்டாக்களைச் சுடும் வேகமே இதன் சிறப்பு. இதன் மூலவடிவமான விக்கர்ஸ்-பெர்தியே துப்பாக்கியை இந்தியப் படை 1930களில் ஏற்றுக்கொண்டதும், அது வங்காளத்தின் இசாப்பூர் தொழிற்சாலையில் உற்பத்தி செய்யப்பட்டதும் குறிப்பிடத்தக்கவை. லூயிஸ் துப்பாக்கியும் மேலே வட்டத் தட்டைக் கொண்டிருப்பதால் இரண்டும் ஒன்றென மயங்குவோர் உண்டு. லூயிஸ் துப்பாக்கியின் குழல் பருத்த உறைக்குள் மறைந்திருக்கும். விக்கர்ஸ் கே துப்பாக்கியின் குழலோ மெலிந்து வெளியே தெரியும். உண்மையான விக்கர்ஸ் கே துப்பாக்கிகள் அரிது. அதனால் இன்று காட்சிகளில் காணப்படும் ஜீப்புகளில் பெரும்பாலும் மாதிரிகளே உள்ளன. இதே படை 1944இல் பிரான்சில் பயன்படுத்திய ஜீப்புகளில் குண்டு துளைக்காத கண்ணாடித் தடுப்புகளும் இருந்தன. பாலைவன ஜீப்பில் இவை இல்லை.

செருமானிய வாகனங்களில் எம்ஜி 34, எம்ஜி 42 ஆகிய இரண்டுமே முதன்மையானவை. எம்ஜி 34 துப்பாக்கியின் குழலுறையில் வட்டத் துளைகளும், தகட்டை அழுத்தி உருவாக்கப்பட்ட எம்ஜி 42 துப்பாக்கியின் உறையில் நீள்வடிவத் திறப்புகளும் இருக்கும். 1942க்கு முந்திய காட்சியில் எம்ஜி 42 இடம்பெறக் கூடாது. எம்ஜி 42 துப்பாக்கியின் சூடான குழல் வலப்பக்கமாக வெளியே எடுக்கப்படுவதால், டாங்கியின் முன்தகட்டு உருண்டைத் தாங்கிக்கு அது ஏற்றதன்று. எனவே டாங்கிகளின் உள்ளே போர் முடியும் வரை எம்ஜி 34 தொடர்ந்தது. போருக்குப் பின் யுகோசுலாவியா உருவாக்கிய எம்53 என்னும் துப்பாக்கி, எம்ஜி 42 துப்பாக்கியின் ஏறத்தாழ நேரடிப் படியாகும். செயலிழக்கச் செய்யப்பட்ட எம்53 பல வாகனங்களில் எம்ஜி 42 ஆக நிற்கிறது. வாகனமே படியாக இருப்பதும் உண்டு. எஸ்டி.கேஎஃப்இசட். 251 என்னும் செருமானிய அரைத்தட வாகனமாகக் காட்சிக்கு வருபவற்றுள் பல, செக்கோசுலவாக்கியா 1950களின் இறுதியிலிருந்து உற்பத்தி செய்த ஓடி-810 வாகனத்தின் கூரையை வெட்டி நீக்கி மாற்றியமைக்கப்பட்டவையே.

போருக்குப் பிந்திய வாகனங்களில், பிரித்தானியாவின் ஃபெரெட் கவச வாகனக் கோபுரத்துக்கு .30 அங்குல பிரௌனிங்கும், 1968இல் 72 எண்ணிக்கையில் உருவான இளஞ்சிவப்பு லேண்ட்ரோவர்களுக்கு எல்7 வகைப் பொதுநோக்கு இயந்திரத் துப்பாக்கிகளும் உரியவை.

செய்பொருள்கள்

ரெசின் வார்ப்பு மாதிரிகள் விலை குறைந்தவை. உண்மைத் துப்பாக்கியிலிருந்து எடுத்த அச்சில் வார்க்கப்படுவதால் திருகாணித் தலை, முத்திரை எழுத்து முதலியன துல்லியமாகப் பதிந்திருக்கும். ஆனால் நீண்ட குழல் வெயிலில் நாளடைவில் வளைந்துவிடும். எனவே நடுவே எஃகுத் தண்டு வைத்து வார்க்கப்பட்டதா என்று வாங்கும்முன் கேட்டறிவது நலம். எடை மிகக் குறைவாக இருப்பதும் ஒரு குறையே. 38 கிலோகிராம் துப்பாக்கிக்காக உருவான தாங்கியில் 5 கிலோகிராம் மாதிரியை வைத்தால், ஓட்டத்தில் அது அதிர்ந்து ஆடும். பொருத்தும் துளைகளில் விரிசல் விழும்.

அலுமினிய, எஃகு மாதிரிகள் நீடித்து உழைப்பவை. சதுரப் பெட்டி போன்ற உடலைக் கொண்ட பிரௌனிங் வகைகள் தகட்டை வெட்டி இணைத்துச் செய்ய எளியவை. வளைவுகள் மிகுந்த பிரென் துப்பாக்கியை அவ்வாறு செய்வது கடினம். மரத்தைக் கடைந்து செய்யும் முறை இன்றும் வழக்கில் உள்ளது. நன்கு மெழுகி அரம்பொடித்தாள் இட்டுத் தேய்த்த மரம், சாயத்தின் கீழ் உலோகத்திலிருந்து வேறுபட்டுத் தெரியாது. ஆனால் மழைநீர் புகுந்தால் இழையோட்டம் மேலெழுந்து காட்டிக்கொடுத்துவிடும். 2010களில் இருந்து முப்பரிமாண அச்சு முறையும் பரவியுள்ளது. மேகசின், குறிபார்க்கும் கருவி போன்ற சிறு பாகங்களுக்கு அது மிகவும் ஏற்றது. இருப்பினும் எவ்வித மாதிரியையும் அச்சிடும்முன் அந்நாட்டின் சட்டத்தை அறிந்துகொள்வது கட்டாயமாகும்.

தோற்றத்தில் முதலில் கண்ணில் படுவது குழல்முனை. பாதுகாப்புக் கருதிக் குழல் முழுவதும் திண்மமாகவே செய்யப்படும். முனையில் மட்டும் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு உட்புறம் கறுப்புப் பூசினால் போதுமானது. துளையின் விட்டம் சரியாக இருக்கவேண்டும். .30 அங்குலத் துப்பாக்கிக்கு 7.62 மிமீ, .50 அங்குலத்துக்கு 12.7 மிமீ. பெரிதாகத் தெரியவேண்டும் என்று கட்டைவிரல் நுழையுமளவு துளையிடுவதால் நல்ல மாதிரியும் பொம்மையாகிவிடும்.

அடுத்தது நிறம். அமெரிக்கத் துப்பாக்கிகளில் பாசுபேட்டுப் பூச்சினால் உண்டான மங்கிய சாம்பல் பச்சை நிறமே மிகுதி, பளபளக்கும் கறுப்பு அன்று. மங்கிய கறுப்புச் சாயம் உலர்ந்தபின் அதன்மேல் கிராஃபைட்டுத் தூளைத் துணியால் தேய்ப்பது பழைய, எளிய உத்தி. கை அடிக்கடி படும் விளிம்புகளில் மட்டும் சற்றுக் கூடுதலாகத் தேய்த்தால் தேய்ந்த எஃகின் தோற்றம் வந்துவிடும்.

துணைப்பொருள்களிலும் கவனம் தேவை. போர்க்காலத்து .30 அங்குல பிரௌனிங்குக்குப் பெரும்பாலும் 250 தோட்டாக்கள் கொண்ட துணிப்பட்டி பயன்பட்டது. மிகைப்பொருள் கடைகளில் எளிதில் கிடைக்கும் எம்19ஏ1 தகரப் பெட்டி போருக்குப் பிந்தியது. காட்சித் தோட்டாக்களில் வெடிமருந்தும் அடிப்பொறியும் நீக்கப்பட்டிருக்கவேண்டும். பக்கவாட்டில் துளையிட்ட தோட்டா வெறுமையானது என்பதைப் பார்ப்போரும் காவலரும் உடனே அறியலாம் என்பதால், அழகைக் குறைத்தாலும் துளையிட்டவையே விரும்பத்தக்கவை.

செயலிழக்கச் செய்யப்பட்ட துப்பாக்கிகள்

இவை ஒருகாலத்தில் சுட்டவை. குழலை வெட்டியோ அடைத்தோ, உட்பாகங்களைப் பற்றவைத்தோ இவை செயலற்றவையாக்கப்படுகின்றன. பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத் திருத்தம் இதற்கு வழிவகுத்தது. இலண்டன், பர்மிங்காம் ஆகிய நகரங்களின் சோதனை மனைகள் ஆயுதத்தை ஆராய்ந்து முத்திரையிட்டுச் சான்றிதழ் வழங்குகின்றன. 1995இல் விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முன் செயலிழக்கச் செய்யப்பட்டவற்றில் பல பாகங்கள் அசையும். பின்வந்தவற்றில் அசைவு குறைந்தது. 2015ஆம் ஆண்டு பாரிசில் நிகழ்ந்த தாக்குதல்களைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் பொது விதிகளை வகுத்தது. இவை 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளின்படி பாகங்கள் பற்றவைக்கப்பட்டு ஏறத்தாழ ஒரே இரும்புக்கட்டியாகிவிடுகின்றன. பழைய விதிகளின்படி செயலிழக்கச் செய்யப்பட்டதை அப்படியே பிறருக்கு விற்பதும் கொடையாகத் தருவதும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரித்தானியாவில் தடுக்கப்பட்டன. எனவே பழைய சான்றிதழுடன் ஒரு துப்பாக்கியை வாங்க முனைவோர், அது புதிய விதிக்கு ஏற்ப மீண்டும் சான்றளிக்கப்பட்டதா என்று பார்க்கவேண்டும்.

அசையும் பாகங்கள் இல்லாத துப்பாக்கிக்கும் நன்கு செய்யப்பட்ட உலோக மாதிரிக்கும் காட்சியில் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் போரில் உண்மையாகவே பயன்பட்ட பொருள் என்ற மதிப்பைச் சேகரிப்போர் விட்டுக்கொடுப்பதில்லை. மறுபுறம், வரலாற்றுப் பொருளொன்றை மீளமுடியாதவாறு சிதைப்பது சரிதானா என்ற கேள்வியை அருங்காட்சியகத் துறையினர் எழுப்புகின்றனர். அரிய துப்பாக்கியைப் பொறுத்தவரை இக்கேள்வி நியாயமானதே.

சட்டநிலை

பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டு வன்குற்றக் குறைப்புச் சட்டம், 'உண்மைபோல் தோன்றும் போலித் துப்பாக்கி' என்ற வகையை வரையறுத்தது. 2007 அக்டோபர் 1 முதல் இத்தகைய போலிகளை உற்பத்தி செய்வது, விற்பது, நாட்டுக்குள் கொண்டுவருவது, சாதாரணப் போலியை உண்மைபோல் மாற்றுவது ஆகியவை குற்றமாயின. வைத்திருப்பதை மட்டும் இப்பிரிவு தடுக்கவில்லை. வல்லுநர் ஒருவரால் மட்டுமே, அல்லது அருகில் வைத்து ஆராய்ந்தால் மட்டுமே போலி என்று அறியக்கூடியது 'உண்மைபோல் தோன்றுவது' என்றே கொள்ளப்படும். அளவு, வடிவம், முதன்மை நிறம் ஆகியவை கணக்கில் எடுக்கப்படும். பளிச்சென்ற சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் ஆகிய நிறங்களில் உள்ளவையும் ஒளிபுகும் பொருளால் ஆனவையும் உண்மைபோல் தோன்றாதவையாகக் கருதப்படுகின்றன. 1870க்கு முந்திய வடிவமைப்பைக் கொண்ட துப்பாக்கிகளின் போலிகள் இதில் அடங்கா. முறைப்படி செயலிழக்கச் செய்யப்பட்டவையும் இவ்வரையறைக்கு வெளியே உள்ளன. உண்மைத் துப்பாக்கியிலிருந்து வந்த பொருளை வாங்குவது எளிதாகவும், மரத்தில் கடைந்த மாதிரியை விற்பது கடினமாகவும் இருக்கும் விந்தையான நிலை இதனால் ஏற்பட்டது.

அருங்காட்சியகம், நாடகம், திரைப்படம், வரலாற்று மீள்நடிப்பு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. மீள்நடிப்பு என்பது, மூன்றாம் தரப்பினருக்கான பொறுப்புக் காப்பீடு பெற்றவர்களால் ஒழுங்குசெய்யப்பட்டதாக இருக்கவேண்டும். தனியார் வாகன உரிமையாளர்கள் பெரும்பாலும் இவ்வழியாகவே மாதிரிகளைப் பெறுகின்றனர். வீட்டுப் பணிமனையில் தாமே ஒன்றைச் செய்வதும் 'உற்பத்தி' என்பதையும், நார்மண்டி ஆண்டுநிறைவுக்குக் கொண்டுசென்ற மாதிரியுடன் கப்பலில் திரும்புவதும் 'நாட்டுக்குள் கொண்டுவருதல்' என்பதையும் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. விலக்குக்குரிய நோக்கத்தைக் காட்டும் ஆவணங்களை உடன் வைத்திருப்பது இதனாலேயே தேவையாகிறது. எளிதில் சுடும் துப்பாக்கியாக மாற்றக்கூடிய போலியை, 1982ஆம் ஆண்டின் சட்டம் உண்மைத் துப்பாக்கியாகவே கொள்கிறது.

பொது இடத்தில் தகுந்த காரணமின்றிப் போலித் துப்பாக்கியை வைத்திருப்பது, 2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி தனிக்குற்றமாக்கப்பட்டது. காரணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது.

செருமனியில் 2008 ஏப்ரல் முதல் துப்பாக்கி போன்ற தோற்றமுடைய பொருள்களைப் பொது இடத்தில் ஏந்திச் செல்வது தடைசெய்யப்பட்டுள்ளது. மூடிய கொள்கலனில் எடுத்துச் செல்லலாம். ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு 1934ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவுசெய்யப்பட்ட இயந்திரத் துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருக்க இயலும். ஆனால் 1986 மே 19க்குப் பின் புதியவற்றைத் தனியாருக்குப் பதிவுசெய்ய முடியாது. அதனால் பழையவற்றின் விலை மிகவும் உயர்ந்தது. பிரௌனிங் வகைகளில் வலப்புறப் பக்கத்தகடே சட்டப்படி 'துப்பாக்கி' ஆகும். எனவே அத்தகட்டுக்கு மாற்றாக, உட்பாகங்கள் நுழைய முடியாத திண்மமான உடலை வைத்து, குழல், கைப்பிடி, மேல்மூடி முதலிய உண்மைப் பாகங்களை அதன்மேல் பொருத்தும் முறை அங்குப் பெருவழக்காக உள்ளது.

சாலையிலும் காட்சித் திடலிலும்

காட்சித் திடலில் மாதிரி ஆயுதம் எவருக்கும் அச்சம் தருவதில்லை. சூழ்ந்திருக்கும் வாகனங்களும் சீருடைகளும் அதன் பொருளைத் தெளிவாக்குகின்றன. அதே ஜீப் திடலைவிட்டு வெளியேறி எரிபொருள் நிலையத்தில் நிற்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. அழைப்பைப் பெற்று விரையும் ஆயுதக் காவலருக்கு, அது மரமா எஃகா என்று அருகில் சென்று தடவிப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. அவர்கள் உண்மையானது என்றே கொண்டு செயல்படவேண்டியுள்ளது. மாதிரி எவ்வளவு துல்லியமாக உள்ளதோ அவ்வளவுக்கு ஓட்டுநரின் உயிருக்கான இடரும் கூடுகிறது.

இதனால் சாலைப் பயணத்தின்போது மாதிரியைக் கழற்றி, பூட்டிய பெட்டியிலோ வெளியே தெரியாதவாறு உறையிலோ வைத்து, திடலை அடைந்தபின் பொருத்துவது வழக்கமாகும். ஊர்வலம் பொதுச் சாலையில் செல்வதாயின் அமைப்பாளர் உள்ளூர்க் காவல்துறைக்கு முன்கூட்டியே தெரிவிப்பர். கழற்றிப் பூட்டும் வேலை அடிக்கடி நிகழும் என்பதால், கருவியின்றி ஒரு செருகாணியால் பொருந்தும் மாதிரியே நடைமுறைக்கு வசதியானது. அச்செருகாணி தொலையாமல் இருக்கச் சிறு சங்கிலியால் அதைத் தாங்கியுடன் பிணைத்துவைப்பது, அனுபவமுள்ளோர் யாவரும் செய்வது.

காட்சியின்போது குழலைக் கூட்டத்தின் பக்கம் திருப்பாமல் பூட்டிவைக்கவேண்டும். சிறுவர் ஏறி விளையாடும் வாகனத்தில் 30 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எஃகுக் குழல் கட்டின்றிச் சுழலுமாயின், அது சுடாவிட்டாலும் காயப்படுத்தும். புரொப்பேனும் ஆக்சிசனும் கலந்த கலவையை எரித்து ஒலியெழுப்பும் மாதிரிகளும் மீள்நடிப்புகளில் பயன்படுகின்றன. அழுத்த வளிக்கலன்களைக் கையாளத் தெரிந்தவரே இவற்றை இயக்கவேண்டும். நின்று காட்டும் வாகனத்துக்கு இவை தேவையில்லை.

பார்வையாளர் கேட்டால் மாதிரி என்பதை மறைக்காமல் சொல்வது நல்ல வழக்கம். சில உரிமையாளர்கள் வாகனத்தின் தகவற்பலகையில் துப்பாக்கியின் பெயரோடு, அது எப்பொருளால் செய்யப்பட்டது என்பதையும் எழுதிவைக்கின்றனர். அதைப் படித்தபின் செய்முறையைப் பற்றிக் கேட்போரே மிகுதி.

நிரப்பாமல் விடுதல்

இழந்த பாகங்களை மாதிரிகளால் நிரப்பவேண்டும் என்பது எங்கும் ஏற்கப்பட்ட கொள்கையன்று. இலண்டனின் போர் அருங்காட்சியகத்தில், நெடுந்தொலைவுப் பாலைவனக் குழு பயன்படுத்திய செவர்லே சரக்குந்து ஒன்று உள்ளது. லிபியப் பாலைவனத்தில் கைவிடப்பட்ட இது 1980இல் மீட்டுக் கொண்டுவரப்பட்டது. இதற்குப் புதிய சாயம் பூசப்படவில்லை; மணலும் வெயிலும் அரித்த துருப்பிடித்த உடல், கண்டெடுக்கப்பட்ட நிலையிலேயே பாதுகாக்கப்படுகிறது.